கட்டுச்சோறு வாசலோடு நிற்க வேண்டுமா?

கோடை விடுமுறையில் வேன் பேசிக்கொண்டு கிழக்கே சென்னைக்கோ மேற்கே பெங்களூருக்கோ சென்று, பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ஒரு நாளைக் கழித்துவிட்டு வருவது பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துக் குடும்பங்களிடையே இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சென்றவர்கள் நுழைவாயிலில் எதிர்கொண்ட தடைகளைப் பற்றிய கடிதங்களே இம்முறை மிகுதியாக வந்துள்ளன என்பதால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தார் எட்டுப் பேர் ஒரு பூங்காவுக்குச் சென்றோம். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். உள்ளே போனபின் சாப்பிடுவதற்காக வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது என்றும் சொன்னார்கள். நுழைவுச்சீட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களை இப்படித் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? – வாசகி, காட்பாடி

பதில்: உரிமை உண்டு அம்மா, ஆனால் அது எல்லையற்ற உரிமை அன்று. இதைப் புரிந்துகொள்ள, திரையரங்குகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று அளித்த தீர்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். ரசிகர்கள் வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதைத் திரையரங்குகள் தடுக்கக் கூடாது என்று ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருந்தது. திரையரங்க உரிமையாளர்கள் செய்த மேல்முறையீட்டை விசாரித்த தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோர் அந்த உத்தரவை நீக்கினார்கள். திரையரங்கு தனியாருக்குச் சொந்தமான இடம் என்பதால், பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் முரணாகாத வரையில் நுழைவு நிபந்தனைகளை உரிமையாளர் வகுத்துக்கொள்ளலாம் என்பதும், உள்ளே விற்பதை வாங்குவதும் வாங்காததும் பார்வையாளரின் விருப்பம் என்பதும் அவர்களது முடிவு. ஒருவர் ஜிலேபியைத் தின்றுவிட்டு விரல் பிசுக்கை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்ற கேள்வியும் விசாரணையின்போது நீதிபதிகள் தரப்பிலிருந்து எழுந்தது. அதே தீர்ப்பு இன்னும் இரண்டு செய்திகளையும் பதிவு செய்தது: தூய்மையான குடிநீரைக் கட்டணமின்றித் தர வேண்டும், பெற்றோருடன் வரும் கைக்குழந்தைக்கான உணவை நியாயமான அளவில் உள்ளே விட வேண்டும்.

இத்தீர்ப்பு திரையரங்கைப் பற்றியதே தவிரப் பூங்காவைப் பற்றியதன்று. எனினும் பூங்கா நிர்வாகங்கள் இதே வாதத்தைத்தான் எடுத்து வைக்கும். அது எடுபடவும் கூடும். எங்கள் கருத்தில் இரண்டும் ஒன்றல்ல. மூன்று மணி நேரத் திரைப்படத்தைப் பார்க்க வருபவர் பசித்தால் பொறுத்துக்கொள்ளலாம். காலையில் நுழைந்து மாலையில் வெளியேறும் பூங்காவில், வெளியே சென்று திரும்பவும் வழியில்லாதபோது, குழந்தைகளும் முதியவர்களும் உள்ளே விற்பதைத்தான் வாங்கியாக வேண்டும். விருப்பம் என்ற சொல் அங்கே வலுவிழந்துவிடுகிறது. குப்பை, எலித்தொல்லை, கெட்டுப்போன உணவால் ஏற்படும் வாந்தி என்று நிர்வாகம் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. மே மாத வெயிலில் வேனில் ஆறு மணி நேரம் இருந்த சோற்றைப் பற்றிய கவலை நமக்கும் இருக்க வேண்டியதே. ஆனால் இக்காரணங்கள் மட்டுமே உண்மை என்றால், நுழைவாயிலுக்கு வெளியே நிழலும் தண்ணீரும் உள்ள ஓரிடத்தை ஒதுக்கி, கையில் முத்திரை குத்தி மீண்டும் உள்ளே விட்டாலே போதுமே. அதைச் செய்யாத இடத்தில், விதி காப்பது நம் வயிற்றையா, உள்ளே உள்ள சிற்றுண்டிச்சாலையின் விற்பனையையா என்று கேட்கத்தான் வேண்டும்.

உலகில் இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாக இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் சொந்த உணவைக் கொண்டுபோகத் தடையில்லை. மது, கண்ணாடிப் பாத்திரங்கள் போன்றவை கூடாது. டோக்கியோ டிஸ்னியில் கட்டுச்சாப்பாட்டை உள்ளே உண்ண முடியாது. ஆனால் அதற்கென்றே வாசலுக்கு வெளியே இடம் அமைத்திருக்கிறார்கள். ஷாங்காய் டிஸ்னியின் கதை இவற்றைவிடச் சுவையானது. 2019 ஜனவரியில் அங்கே சென்ற சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், பையில் வைத்திருந்த நொறுக்குத்தீனியோடு உள்ளே விடமாட்டோம் என்று தடுக்கப்பட்டார். அத்தீனியின் விலை ஐம்பது யுவானுக்கும் குறைவு. அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும், வெளி உணவைத் தடுக்கும் விதி செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்று அவர் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாணவிக்கு 50 யுவான் கிடைத்தது. அதற்குள் பூங்காவும் விதியை மாற்றிக்கொண்டு, சூடாக்கித் தின்ன வேண்டியவை, கடும் நெடி வீசுபவை போன்றவற்றைத் தவிர மற்ற உணவை அனுமதிக்கத் தொடங்கியிருந்தது. டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் அனுமதிக்கப்படுவது ஷாங்காயில் மட்டும் ஏன் கூடாது என்ற கேள்விக்குத் தகுந்த விடை சொல்ல முடியாமல் போனதும் இதற்கு ஒரு காரணம் எனலாம்.

உங்கள் நிலையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நீங்கள் பணம் கட்டும்போதே இந்த நிபந்தனை இணையதளத்திலோ சீட்டிலோ தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததா? சொல்லப்பட்டிருந்தால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவீர்கள். வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியவந்தது, பணத்தையும் திருப்பித் தர மறுத்தார்கள் என்றால், முறையிடுவதற்கு உங்கள் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. அடுத்த முறை போவதற்கு முன்பு தொலைபேசியில் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: உணவு கொண்டுவரலாமா, வெளியே வந்து மீண்டும் நுழையலாமா, குடிநீர் இலவசமாகக் கிடைக்குமா? வெளி உணவு கூடாது என்றால், வழியில் நிழல் பார்த்து வேனை நிறுத்திக் காலை உணவோடு கட்டுச்சோற்றையும் முடித்துக்கொண்டு உள்ளே போவதே உத்தமம். சோற்றைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: பூங்காவுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை அதில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக விற்றார்கள். கேட்டால், உள்ளே விலை அப்படித்தான் என்கிறார்கள். – வாசகர், ஆற்காடு

பதில்: கடை முகப்பில் நின்று புட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் விற்பனையில் அது தவறு. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது. ஒரே பொருளை ஊருக்குள் ஒரு விலையும் பூங்காவுக்கும் விமான நிலையத்துக்கும் வேறு விலையுமாக அச்சிட்டு விற்கும் தந்திரத்துக்கும், 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் தடை விதித்துள்ளது.

ஒரு விலக்கை மறந்துவிடக் கூடாது. உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்களும் உணவகங்களும் வெறும் புட்டியை மட்டும் விற்பதில்லை, இடத்தையும் சேவையையும் சேர்த்தே தருகின்றன என்பதால், அவை கூடுதலாக வாங்குவதைக் குற்றமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறியிருக்கிறது. எனவே நீங்கள் வாங்கியது பெட்டிக்கடை போன்ற விற்பனை முகப்பிலா, மேசையில் அமர்ந்தா என்பது முக்கியம். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு கவனிக்கிறது. எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

கேள்வி: என் தாயார் புடவையைத் தவிர வேறு உடுத்தியதில்லை. நீர் விளையாட்டுப் பகுதியில் புடவைக்கும் பருத்திச் சுடிதாருக்கும் இடமில்லை என்கிறார்கள். பட்டுக்கும் பருத்திக்கும் பெயர் பெற்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது விந்தையாக இருக்கிறது. நைலான் உடையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதற்கான ஏற்பாடா இது? – வாசகி, ஆரணி

பதில்: வாடகை வருமானம் அவர்களுக்குக் கசப்பதில்லை என்பது உண்மை, ஆனால் இந்த விதியின் அடிப்படை வேறு. பருத்தி நூல் நீரை ஏராளமாக உறிஞ்சும். நனைந்த புடவையோ சுடிதாரோ உடலில் சுற்றிக்கொண்டு காலை இழுக்கும். அலைக்குளத்தில் தடுமாறி விழுந்தவர் எழ முடியாமல் போக அதுவே போதும். பருத்தியிலிருந்து பிரியும் நுண்ணிழைகள் குளத்து நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். துணி தாங்கி வரும் அழுக்கும் வியர்வையும் சாயமும் நீரிலுள்ள குளோரினைத் தின்றுவிடும். ஆயிரக்கணக்கானோர் இறங்கும் நீரில் குளோரின் குறைந்தால் வயிற்றுப்போக்கும் கண்வலியும் பரவ நெடுநேரம் ஆகாது. நைலான், பாலியஸ்டர், லைக்ரா போன்றவை நீரை அதிகம் ஏற்பதில்லை, இழையும் அவ்வளவாக உதிர்ப்பதில்லை.

நீர்ச்சறுக்குகளில் இன்னொரு காரணமும் உண்டு. அவை கண்ணாடியிழையால் வார்க்கப்பட்டு, வழவழப்பான மேற்பூச்சு பூசப்பட்டவை. உலோகப் பொத்தான், ஜிப், கொலுசு, வளையல் ஆகியவை அப்பூச்சைக் கீறிவிடும். கீறிய இடம் அடுத்து வருபவரின் முதுகைக் கிழிக்கும். ஆகவே கொலுசையும் தொங்கட்டானையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது. தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உடைக்குள் செருகி, கழுத்து மூடிய சட்டை அணிந்துகொள்கிறார்கள். எனினும் சறுக்குக்குப் போகாமல் ஆழமில்லாத குளத்தோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

துப்பட்டாவைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-இல் அரியானாவின் பிஞ்சோரில் ஒரு பூங்காவில் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியை ஓட்டிய பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். தலைமுடிக்கே இந்தக் கதி என்றால் துப்பட்டாவையும் முந்தானையையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பின்னலை உச்சியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு தலைக்கவசத்துக்குள் அடக்கிவிட வேண்டும். இதில் காவலரிடம் வாதாட ஒன்றுமில்லை.

உடல் தெரிய உடுத்துவது உங்கள் தாயாருக்குப் பிடிக்காது என்றால், முழங்கை வரையும் கணுக்கால் வரையும் மூடும் நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைச் சொந்தமாக வாங்கி எடுத்துப்போனால் வாடகையும் மிச்சம், பிறர் உடுத்திய உடை என்ற அருவருப்பும் இல்லை.

கேள்வி: உயரமான சுழல் ராட்டினங்களில் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூட விடுவதில்லை. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காணொளி எடுத்தால் அவர்களுக்கு என்ன நட்டம்? – வாசகர், குடியாத்தம்

பதில்: நட்டம் கீழே நிற்பவருக்கு. சுமார் 200 கிராம் எடையுள்ள கைபேசி 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டராக இருக்கும். ஓடும் வண்டியின் வேகமும் சேர்ந்தால் இன்னும் கூடும். கீழே வரிசையில் நிற்கும் குழந்தையின் தலையில் அது விழுந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். வண்டி தலைகீழாகத் திரும்பும் கணத்தில் பிடிமானம் எப்படி இருக்கும் என்பதை உட்காரும் முன்பு யாராலும் சொல்ல முடியாது. தற்படக் குச்சிகளை (செல்ஃபி ஸ்டிக்) டிஸ்னி பூங்காக்கள் 2015-இல் முற்றாகத் தடை செய்ததும் இதனால்தான். ஓடும் வண்டியில் அவற்றை நீட்டியவர்களால் வண்டியையே நிறுத்த வேண்டி வந்தது. கைபேசி, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, சில்லறைக்காசு எல்லாவற்றையும் பூட்டறையில் வைத்துவிடுங்கள், அல்லது கீழே நிற்கும் உறவினரிடம் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல் பார்வை மங்கும் என்றால், தலையின் பின்புறம் கட்டும் பட்டையோடு அணியலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: மடக்கு நாற்காலி, பாய், பனிக்கட்டிப் பெட்டி, கைக்குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டி இவற்றில் என்ன ஆபத்து? – வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: ஆபத்து பொருளில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. நெரிசலான பாதையில் ஒரு பெரிய வண்டி குறுக்கே நின்றால் பின்னால் வருபவர்கள் தேங்குவார்கள். தேர்த்திருவிழாவில் மாடவீதி முனையில் ஒருவர் கடை விரித்தால் நடப்பதுதான் இங்கும் நடக்கும். அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் 2019 மே 1 முதல், குழந்தை வண்டி 79 செ.மீ. அகலமும் 132 செ.மீ. நீளமும் தாண்டக் கூடாது, இழுவை வண்டிகள் கூடவே கூடாது, பெட்டியில் உதிரிப் பனிக்கட்டியும் கூடாது என்று விதித்தன. பனிக்கட்டியைக் கிளறிப் பார்த்துச் சோதிப்பதில் வாசல் வரிசை நீண்டுவிடுகிறது என்பதே கடைசித் தடைக்குக் காரணம். குழந்தையை இடுப்பில் வைத்துப் பழகிய நமக்கு வண்டி பெரிய சிக்கலன்று. பாயை விரித்துக் கால் நீட்டும் ஆசைதான் சிக்கல். சக்கர நாற்காலி இந்தக் கணக்கில் சேராது. அதைத் தடுத்தால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி: பத்து வயதான என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலினையும் தின்பண்டத்தையும் உள்ளே விடுவார்களா? – வாசகி, வாணியம்பாடி

பதில்: விட வேண்டும், இவை வெளி உணவு என்ற கணக்கில் வருபவை அல்ல, மருத்துவத் தேவை. சர்க்கரை திடீரென இறங்கினால் சில நிமிடங்களுக்குள் இனிப்பு கொடுத்தாக வேண்டும். சிற்றுண்டிச்சாலை வரிசையில் நிற்க நேரமிருக்காது. மகனைப் பார்க்கும் மருத்துவரிடம், அவனுக்கு எவை எப்போதும் உடனிருக்க வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் தூளை வேறு தாளில் மடித்து எடுத்துப்போகாமல் அதன் உறையோடே வைத்திருங்கள். பெயரில்லாத வெள்ளைத் தூள் எந்தக் காவலரையும் யோசிக்க வைக்கும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவிடாதீர்கள். பனிக்கட்டியில் நேரடியாகப் படும்படியும் வைக்காதீர்கள், உறைந்துபோனால் அது பயன்படாது. எந்த ராட்டினத்தில் ஏறலாம், உடலில் பொருத்திய கருவி இருந்தால் என்ன செய்வது என்பதையும் அந்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: பெண்களின் கைப்பைக்குள் ஆண் காவலர் கைவிட்டுத் துழாவுகிறார். இது சரியா? – வாசகி, இராணிப்பேட்டை

பதில்: சரியில்லை. தனியார் காவலருக்குக் காவல்துறையின் அதிகாரம் கிடையாது. உங்கள் சம்மதத்தின் பேரில்தான் அவர் சோதிக்கிறார். சம்மதிக்காவிட்டால் உள்ளே விட மறுக்கலாம், அவ்வளவே. பெண்ணைப் பெண்தான், கண்ணியம் கெடாமல் சோதிக்க வேண்டும் என்று காவல்துறைக்கே சட்டம் விதித்திருக்கும்போது தனியாருக்கு மட்டும் விலக்கு ஏது? பெண் காவலரை அழைக்கச் சொல்லுங்கள். பையை நீங்களே திறந்து காட்டுங்கள். அதே வேளையில், சோதனையே தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் பூங்காக்கள் 2015 டிசம்பரில் உலோகங்காட்டும் கருவிகளை வாசலில் வைத்தபோது டிஸ்னி பொம்மைத் துப்பாக்கிகளையும் தடை செய்தது. கூட்டத்தில் எது பொம்மை, எது உண்மை என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? திருவிழாக் கடையில் வாங்கிய துப்பாக்கியைப் பிள்ளைகள் பையில் போட்டிருக்கிறார்களா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். சிகரெட்டும் வேண்டாம், 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் கேளிக்கை மையங்களையும் பொது இடம் என்றே வரையறுக்கிறது.

கேள்வி: பெங்களூரில் உள்ள ஒரு பூங்காவின் மீது எனக்குக் குறை இருக்கிறது. அதற்காக நான் அங்கேயே போய் வழக்காட வேண்டுமா? – வாசகர், வேலூர் சத்துவாச்சாரி

பதில்: வேண்டியதில்லை ஐயா. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீட்டாளர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிட வழி செய்துள்ளது. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களுக்குப் போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். முதலில் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நிறுவனம் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். நுழைவுச்சீட்டு, ரசீது, வாசலில் வைத்திருந்த அறிவிப்புப் பலகையின் படம், பணம் கட்டிய நாளில் இணையதளத்தில் இருந்த நிபந்தனைகளின் நகல் ஆகிய நான்கும் கையில் இருந்தால் எழுதுவது எளிது. நிபந்தனைகளைப் பின்னர் மாற்றிவிடக்கூடும் என்பதால், அந்த நகலைப் பணம் கட்டும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.